ஃப்ளூகலில் ஹை சி: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜோசப்,

உன் கடிதம் வந்தது. பிக் பேண்ட் ஜாஸ் குழுவில் மூன்றாவது ட்ரம்பெட் இடம், கூடவே இரண்டு பாலடுகளில் (மெதுவான பாட்டுகளில்) ஃப்ளூகல், நம் மென்குரல் ஃப்ளூகல்ஹார்ன், என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். ஃப்ளூகல் கலைஞர் சக் மேஞ்ஜோனி இறந்துபோன வருத்தம் எனக்கும் இருக்கிறது. 2025 ஜூலையில், 84 வயதில். ஃப்ளூகலை ஒதுக்கு வாத்தியமாக வைக்காமல் மேடையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திய மனிதர்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஹை சி (ஸ்டாஃப் என்ற ஐந்து கோடுகளுக்கு மேலே எழுதும் உச்ச சி) சுலபமாக வருவதற்காக ஆழம் குறைந்த கப், அதாவது மவுத்பீஸின் கிண்ணம், வாங்கலாமா என்று கேட்கிறாய். வேண்டாம் ஜோசப். ஃப்ளூகலின் குரலே புனல் மாதிரி சரிந்து இறங்கும் அந்த ஆழமான கப்பில்தான் இருக்கிறது. சத்தத்தை விடு, முதலில் சுதியே கெட்டுப்போகும். கப்பின் கொள்ளளவு மேல் நோட்டுகளைத்தான் அதிகம் பாதிக்கும். கொள்ளளவு குறைந்தால் கீழே கொஞ்சம் ஷார்ப் (சுதி ஏறும்), மேலே ரொம்ப ஷார்ப். நடு சி-யை (ஹை சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே) சரிக்கட்ட நீ லீட்பைப்பை, மவுத்பீஸ் செருகும் குழாயை, வெளியே இழுப்பாய். ஃப்ளூகலில் சுதி சேர்க்கும் ஸ்லைடே அதுதானே. இழுத்த பிறகு நடு சி சரியாக நிற்கும், ஸ்டாஃபுக்கு மேலே உள்ள ஜி-யும் ஹை சி-யும் ஷார்ப்பாகவே இருக்கும். தலைகீழாக, கப் அளவுக்கு மீறிப் பெரிதானால் அதே மேல் நோட்டுகள் ஃபிளாட் ஆகும், சுதி இறங்கும். அதனால் நடுத்தர ஆழமுள்ள வி வடிவக் கப் போதும்.

மேலே ஏன் இத்தனை சிரமம் என்றால், காரணம் குழாயின் வடிவம். ட்ரம்பெட்டில் ஒரே அகலமாகப் போகும் குழாய் அதிகம்; ஃப்ளூகல் வால்வுப் பகுதி தவிர பெரும்பாலான இடத்தில் விரிந்துகொண்டே போகிறது. மேல் நோட்டின் அலை பெல்லில் (விரிந்த வாயில்) பட்டுத் திரும்பாமல் பெரும்பாலும் வெளியே போய்விடும். உதட்டைப் பிடித்து நிறுத்தத் திரும்பி வருகிற அலை குறைவு. ட்ரம்பெட்டில் டக்கென்று பூட்டிக்கொள்ளும் ஹை சி இங்கே வழுக்குவது அதனால்தான். காதில் சுதி முன்கூட்டியே இருக்க வேண்டும். அது இல்லாமல் காற்றை மட்டும் தள்ளினால் நோட்டு சிதறும்.

ரிம், அதாவது உதடு பதியும் மவுத்பீஸ் விளிம்பு, விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது: ட்ரம்பெட்டில் எந்த ரிம்மோ அதே ரிம். எட்டு பார் இடைவெளியில் வாத்தியம் மாற்றுகிறவனின் உதடு புது ரிம்மைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. நீ வைத்திருக்கும் பாக் 3சி ட்ரம்பெட் மவுத்பீஸின் உள்விட்டம் 16.3 மி.மீ. என்று பாக் சொல்கிறது. ஆனால் எவ்வளவு ஆழத்தில் அளக்கிறார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எண்ணை நம்பி வேறு கம்பெனி மவுத்பீஸை வாங்காதே. உதட்டில் வைத்துப் பார். ட்ரம்பெட் மவுத்பீஸையே அடாப்டர் போட்டு மாட்டும் யோசனை வந்தால் அதையும் விட்டுவிடு. மேலே சொன்ன சுதிக் கோளாறு அத்தனையும் அதில் வரும்.

இதையெல்லாம்விட முக்கியம் ஷாங்க், லீட்பைப்புக்குள் நுழையும் மவுத்பீஸின் வால். மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது: சின்ன மோர்ஸ், பெரிய மோர்ஸ், ஃபிரெஞ்சு. குவெனான் என்ற பிரெஞ்சு கம்பெனியின் பழைய வாத்தியம் கிடைத்தால் அது ஃபிரெஞ்சு. ஏறக்குறைய சரிவே இல்லாத ஷாங்க். வகை மாறினால் ஒன்று மவுத்பீஸ் ஆடும், இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும். இரண்டிலும் முதலில் செத்துப்போவது மேல் நோட்டுகள்தான். வாங்குமுன் வாத்தியத்தின் வகையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்.

மோர்ஸ் வகையில் நீயே ஒரு சோதனை செய்யலாம். அதன் சரிவு ஏறத்தாழ 20-க்கு 1, அதாவது 20 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. மாறும். சாதாரண ஏ4 தாள் சுமார் 0.1 மி.மீ. கனம். ஷாங்கில் ஒரே ஒரு சுற்று, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்று. விட்டம் 0.2 மி.மீ. கூடும், மவுத்பீஸ் 4 மி.மீ. வெளியே வந்து நிற்கும். அப்படியே ஜி-யிலிருந்து சி வரை மெதுவாக ஊது. முன்னைவிட நன்றாகப் பிடித்தால் உன் ஷாங்க் அளவுக்கு மீறி உள்ளே போகிறது என்று அர்த்தம். மோசமானால் தாளை எடுத்துவிடு. காசு செலவில்லாத சோதனை, இதைச் செய்யாமல் புது மவுத்பீஸுக்குப் போகாதே.

வாத்தியத்தில், மேலே நிறைய வாசிக்கிறவனுக்கு நான் சொல்வது சிறிய போர், அதாவது வால்வுக் குழாயின் சிறிய உள்விட்டம். யமஹா 8310இசட் 10.5 மி.மீ., ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் பாபி ஷூவோடு சேர்ந்து உருவாக்கியது. பாக் 183 இன்னும் சிறிது, 0.401 அங்குலம், கிட்டத்தட்ட 10.2 மி.மீ. இரண்டிலும் கொஞ்சம் தடை இருக்கும்; அந்தத் தடைமேல் சாய்ந்துகொண்டு மேல் நோட்டை மெல்லிசாக வாசிக்கலாம். அகலமான போர் கீழே அழகாகப் பேசும், மேலே காற்றைக் குடிக்கும். நாலாவது வால்வு கீழ் நோட்டுக்கானது, உனக்கு வீண் எடை.

பழையது வாங்கினால் வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை இழுத்துவிட்டு, பிறகு வால்வை அழுத்து. ‘பொப்’ என்று நல்ல சத்தம் வர வேண்டும். வராவிட்டால் வால்வோ ஸ்லைடோ காற்றை விடுகிறது. லீட்பைப் நுழையும் இடத்தையும் பார்; இறுக்கும் திருகை முடுக்கிய பிறகும் ஆடக் கூடாது. கசிவு மவுத்பீஸுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு கெடுதல்.

ஊதிப் பார்க்கும்போது முதல் பத்து நிமிஷம் சூடேற்று. உள்ளே காற்று ஒரு டிகிரி சூடானால் சுதி சுமார் 3 சென்ட் ஏறும் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). டொரன்டோ குளிரில் வெளியிலிருந்து கொண்டுவந்த கையோடு ட்யூனர் பார்த்தால் பொய்தான் சொல்லும். பிறகு லீட்பைப்பை ஒரு சென்டிமீட்டர் போல வெளியே வைத்து நடு சி-யைச் சேர்த்துக்கொள். ட்யூனரை வேறொருவர் கையில் கொடு. நீ முள்ளைப் பார்த்தால் உதடு தானாகத் திருத்திவிடும். ஜி, ஏ, பி ஃபிளாட், சி, எல்லாவற்றையும் மெல்லிசாக ஊது. ஏ ஷார்ப்பாக இருந்தால் 1, 2 வால்வுகளுக்குப் பதில் 3-வது வால்வை மட்டும் போட்டுப் பார், ஒரு துளி இறங்கும். சத்தமாக ஊதி ஹை சி வருவதில் ஒன்றுமில்லை. மெல்லிசாகத் தொடங்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் ஊரில் பிறந்த ஃப்ளூகல் கலைஞர் கென்னி வீலரைப் போட்டுக் கேள். அவ்வளவு பெரிய தாவலிலும் மேல் நோட்டு ஃப்ளூகலாகவே கேட்கும்.

ஹை சி-க்கு மேலே நீளமாக நிற்கும் வரி இருந்தால் பாட்டை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் அரேஞ்சரிடம் பேசி, ட்ரம்பெட்டில் பக்கெட் ம்யூட் (சத்தத்தை மென்மையாக்கப் பெல்லில் மாட்டுவது) போட்டு வாசி.

இப்போது கையில் இருக்கிற ஃப்ளூகல் எது, ஷாங்க் என்ன வகை, தாள் சோதனையில் என்ன கேட்டது, மூன்றையும் எழுது. மவுத்பீஸ் பெயரை அதற்குப் பிறகு சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்