இன்னொரு போர்வெல் வேண்டாம் மாப்பிள்ளை

தாராபுரம்
பங்குனி மாதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி திரும்பத் திரும்பப் பார்த்தேன். தென்னை ஓலையெல்லாம் மடிந்து மரத்தை ஒட்டித் தொங்குகிறது, அடியில் முழுக்கக் குரும்பை. அத்தனையும் உன் அப்பா குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள். போனில் பேசினால் பாதியில் விட்டுப்போகும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஆயிரம் அடிக்கு இன்னொரு போர்வெல் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்ததே, அந்த வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். 900 அடியில் கொஞ்சம் தண்ணீர் வந்தது, அடுத்த சித்திரைக்குள் அதுவும் நின்றுவிட்டது. கடனை அடைக்க ஐந்து வருஷம் ஆனது.

அப்புறம், மழை பெய்த மறுவருஷமும் காய் இல்லையே என்று உரத்தை அள்ளிக் கொட்டினேன். அதுவும் வீண். தென்னையில் பாளை உள்ளே உருவாகத் தொடங்கி, வெடித்து, காய் முற்றி இறங்க ஏறக்குறைய 44 மாதம் ஆகும். ஒரு கோடை அடித்த அடி மூன்று நாலு வருஷத்துக்குக் காய்ப்பில் தெரியத்தான் செய்யும். பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த வருஷம் தேங்காய் மட்டையை நார் மில்லுக்கு விற்காதே. இரண்டு வரிசைக்கு நடுவே வாய்க்கால் மாதிரி குழியெடுத்து, மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் மண் போட்டு மூடு. மரத்தடி வட்டப்பாத்தியில் மூடாக்காகப் போடுவதென்றால் அப்படியே கவிழ்த்துப் போட வேண்டும். போன மாதம் ஒரு குழியைத் தோண்டிப் பார்த்தேன். மேலே மண் சுட்டது, ஒரு முழம் கீழே மட்டை ஈரமாக இருந்தது. வெள்ளை வேர்கள் நாருக்குள் பின்னிக்கொண்டு கிடந்தன. கையை எடுக்க மனசே வரவில்லை.

கீழ் ஓலை கறுத்திருப்பது சுருள் வெள்ளை ஈயால். நம் நாட்டில் அதை முதலில் கண்டதே 2016இல் உன் பொள்ளாச்சிப் பக்கம்தான். கடும் விஷம் அடித்தால் அந்த ஈயைத் தின்று அழிக்கிற என்கார்சியா குளவியும் செத்துப்போகும். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டு, போதும்.

சரி, சொல்லக் கஷ்டமானதைச் சொல்கிறேன். எல்லா மரத்தையும் காப்பாற்ற முடியாது. இருக்கிற தண்ணீர் எத்தனை மரத்துக்கு எட்டும் என்று எண்ணு, மேட்டுப்பக்கத்தை விட்டுவிடு. நான் ஆறு ஏக்கரில் மூன்றை விட்டேன். அது தாத்தா காலத்தில் கொரங்காடுதான், அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம். மறுபடியும் கொரங்காடாக்கினேன். சுற்றிலும் கிளுவைக் கிளைகளை வெட்டி நட்டு வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல். வெள்வேலாமரத்துக்குக் கன்று வாங்கவில்லை. காய் தின்ற செம்மறிகளை அங்கே பட்டி போட்டேன். புழுக்கையோடு விழுந்த விதை மழைக்கு முளைத்துக்கொண்டது. இதுவரை நான் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. இப்போது இதை எழுதும்போதும் காங்கேயம் கிடாரி அந்த நிழலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கிறது.

தேங்காய் தந்த காசு இதில் வராது. ஆனால் போன கோடையில் ஒரு கட்டுத் தீவனம்கூட வெளியே வாங்கவில்லை.

மலைவேம்பு நட்டால் நல்ல விலை என்று யாராவது வந்து சொன்னால் அவசரப்படாதே, அதுவும் தண்ணீர் கேட்கிற மரம். உன் வடக்கு வரப்பில் யாரும் கவனிக்காமலே வேம்பும் பனையும் நிற்கின்றனவே, அதிலிருந்து ஆரம்பி.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சித்திரை கடைசியில் வா, வெள்வேலாங்காய் உதிர்கிற நேரம். ஒரு சாக்குப் பொறுக்கி வைக்கிறேன், உன் ஆடுகளுக்குப் போட்டுப் பார்.

உன் மச்சான்