எங்கள் மாமாவைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் எல்லாருக்கும் நன்றி

பசுமலை அக்கம்பக்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு சாயங்காலம் என் மாமனாரைக் காணாமல் தெருவே சேர்ந்து தேடியதும், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் அவர் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். அன்றைக்கு அலைந்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதை மட்டும் எழுதி நிறுத்த மனம் வரவில்லை. அவருக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் என்று தெரிந்த நாளிலிருந்தே நீங்கள் எல்லாரும் எங்களோடுதான் இருக்கிறீர்கள்.

மாமா கண்டக்டராக இருந்தவர். பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில் சேர்ந்து, பொன்மேனி டிப்போவில் ரிட்டையர் ஆனார். இப்போது காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மதியம் நினைவில் இருக்காது. என் பெயர் வராது. சில நாள் என்னைத் தன் தங்கச்சி என்று நினைத்து, ஊரில் மழை உண்டா என்று விசாரிப்பார். ஆனால் பெரியார் நிலையத்தில் ஆரம்பித்து பழங்காநத்தம், பைக்காரா, பசுமலை, மூலக்கரை, திருப்பரங்குன்றம் என்று ஸ்டாப்பை வரிசை மாறாமல் சொல்வார். பொழுது சாயத் தொடங்கினால் இருப்புக்கொள்ளாது. "டூட்டிக்கு நேரமாச்சு, பையை எடு" என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பார்.

இந்த நோய்க்காரர்களில் பலருக்குச் சாயங்காலம் தவிப்பு கூடும் என்று பெரியாஸ்பத்திரி நரம்பியல் டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். தைராய்டு, பி12, தலை ஸ்கேன் என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகு, "இதைக் குணமாக்க மருந்து இல்லம்மா. மாத்திரை கொஞ்ச காலம் தாங்கும், அவ்வளவுதான். அவர் சொல்றதை மறுத்துப் பேசாதீங்க, பயந்துபோவார். அவர் எந்தக் காலத்துல இருக்காரோ அங்க நீங்க போயிடுங்க" என்றார். அன்றைக்கு அழுதுகொண்டேதான் வீடு வந்தேன். ஆனால் பூசி மெழுகாமல் அவர் சொன்ன அந்த வார்த்தையை வைத்துத்தான் இதுவரை நாளை ஓட்டுகிறோம். அவருக்கு என் முதல் நன்றி.

டாக்டர் எங்களுக்குச் சொன்னதை யாரும் சொல்லாமலே நீங்கள் செய்தீர்கள். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

முக்குக் கடை டீ மாஸ்டர் அண்ணன் ஒரு நாளும் "நீங்கதான் ரிட்டையர் ஆயிட்டீங்களே" என்று கேட்டதில்லை. "வண்டி இன்னும் டிப்போவை விட்டு எடுக்கலைண்ணே, ஒரு டீ சாப்பிட்டுப் போங்க" என்பார். எதிர்வீட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் பழைய நோட்டுத் தாள்களைச் சின்னச் சின்னதாக வெட்டி, ரப்பர் பேண்டு போட்டு டிக்கெட் கட்டு செய்து கொடுத்தாள். சாயங்காலம் பள்ளி விட்டதும் பையோடு நேராக எங்கள் திண்ணைக்கு வருவாள். "ஒரு திருப்பரங்குன்றம் குடுங்க தாத்தா." மாமா கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒரு தாளைக் கிழிப்பார். காதில் செருகிய பென்சிலை எடுத்து அதில் ஏதோ கிறுக்குவார். "சில்லறையா குடும்மா" என்பார். அவளும் சில்லறை கொடுப்பாள். அந்தக் காசை நான் திருப்பிக் கொடுத்தால் வாங்கமாட்டாள். "டிக்கெட் வாங்கிட்டேன்ல அத்தை" என்பாள். அவளைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். ஒரு பிள்ளைகூட அவரைக் கேலி செய்ததில்லை. இப்படி வளர்த்த தாய் தகப்பனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், நீங்கள் நல்லா இருக்கணும்.

சலூன் தம்பியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணாடியில் தெரிகிற முகம் தன்னுடையது என்று மாமாவுக்கு இப்போது தெரிவதில்லை. யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று மிரண்டுவிடுவார். தம்பி அதைக் கவனித்துவிட்டு, வீட்டுக்கே வந்து சவரம் செய்கிறார். வந்ததும் முதல் வேலையாகக் கூடத்துக் கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடுவார். சவரக் கத்தியை எடுப்பதற்கு முன்னால் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசுவார். கை தளர்ந்த பிறகுதான் முகத்தில் நுரை போடுவார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற தன்னார்வலர் அக்காவுக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது. ஒரு முறை இரண்டே நாளில் மாமா அடியோடு மாறிப்போனார். தூக்கமில்லை, ஓயாத பிதற்றல், இல்லாத ஆட்களோடு பேச்சு. நோய் முற்றிவிட்டது, இனி இப்படித்தான் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நாங்களும் மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தோம். அக்காதான், "மறதி நோய் இப்படி ரெண்டு நாள்ல பாயாதும்மா, யூரின் டெஸ்ட் எடுங்க" என்று விடாமல் சொன்னார். எடுத்துப் பார்த்தால் சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்த பிறகு மாமா மெல்ல மெல்லப் பழையபடி டிக்கெட் கிழிக்க வந்துவிட்டார். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சலே இல்லாமல் புத்தி மட்டும் தடுமாறலாம் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். மாமா தெருவைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் ஏறிவிட்டார். ஏறியவர் பின்படியில் நின்றுகொண்டு, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று சத்தம் போட்டு, எல்லாரிடமும் காசுக்குக் கை நீட்டியிருக்கிறார். இரண்டு பேர் கோபமாகப் பேச ஆரம்பித்தார்களாம். அந்த வண்டிக் கண்டக்டர் சின்ன வயசுக்காரர். கூட்டத்தை விலக்கி வந்தவர், "அண்ணே, நீங்க எந்த டிப்போ?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். "பொன்மேனி." "இன்னைக்கு உங்களுக்கு ரெஸ்ட்ண்ணே, டூட்டி என்னோடது. நீங்க உட்காருங்க" என்று தன் சீட்டிலேயே உட்கார வைத்துவிட்டார். அப்புறம்தான் சட்டைப் பைக்கு மேல் தைத்திருந்த போன் நம்பரைப் பார்த்து எங்களுக்குப் பேசியிருக்கிறார். என் வீட்டுக்காரர் பெரியார் நிலையத்துக்கு ஓடிப் போனபோது, மாமா அந்தக் கண்டக்டர் பக்கத்தில் நின்று கலெக்‌ஷன் சரியா என்று கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அவரும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அடுத்த டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். தம்பி, இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரணும். ஒரு மனிதனின் நாற்பது வருட உழைப்பை நீங்கள் பத்துப் பேர் முன்னால் தலைகுனிய விடவில்லை.

மாதத்தில் இரண்டு நாள் வந்து அப்பா பக்கத்தில் படுத்துக்கொண்டு, என்னை மாடிக்குத் தூங்க அனுப்புகிற என் நாத்தனாருக்கு நன்றி. இரவெல்லாம் விழித்திருக்கிறவளுக்குத் தூக்கத்தைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆளே இல்லாத ஒரு மத்தியானம், 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் நான் பேசி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்ட அந்தப் பெண்ணுக்கும் நன்றி.

கடைசியாக டெய்லர் அக்கா. மாமாவின் கழுத்தில் அட்டை மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடுகிறார் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாளே அவருடைய சட்டை அத்தனையையும் வாங்கிப் போய், பைக்கு மேல் எங்கள் போன் நம்பரைத் தையலிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு மாமா வீடு திரும்பியது அதனால்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் சட்டையையோ ஜாக்கெட்டையோ கொண்டுவாருங்கள், தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று அக்கா சொல்லச் சொன்னார். கடை காலை பத்து மணிக்குத் திறக்கும்.