ஜிம் மாஸ்டர்களுக்கு: டப்பாவை எடுக்கும் முன் ஒரு கேள்வி

அன்புள்ள ஜிம் மாஸ்டர்களுக்கு,

வணக்கம். திருச்சியில் உங்களில் ஒருவரிடம் ஏழு மாதமாகப் பயிற்சி எடுத்து வருகிறேன். வயது 46, எடை 72 கிலோ, பிறந்ததிலிருந்து சைவம், முட்டையும் கிடையாது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, கொஞ்சம் எடை தூக்கிப் பழகுங்கள் என்று டாக்டர் சொன்னதால் வந்து சேர்ந்தவன். எங்கள் மாஸ்டர் தொழில் தெரிந்தவர். பார் தூக்கும்போது என் முதுகு லேசாக வளைந்தாலும் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்துவிடும். அவர் பெயரையோ ஜிம் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. அவர் செய்ததை உங்களில் பலரும் செய்கிறீர்கள், அதனால்தான் எல்லோருக்குமாகச் சேர்த்து இந்த மடல்.

சேர்ந்த மூன்றாம் நாள், "சார் நீங்க வெஜ்ஜா? அப்ப பவுடர் இல்லாம ஒண்ணும் நடக்காது" என்றார். கவுன்டருக்கு அடியிலிருந்து ஒரு கிலோ புரதப் பவுடர் டப்பா வெளியே வந்தது. 3,200 ரூபாய். காலையில் ஒரு ஸ்கூப், பயிற்சி முடிந்ததும் ஒரு ஸ்கூப். ஸ்கூப் 30 கிராம் என்றால் டப்பா 16 நாளில் காலி. மாதம் 6,000 ரூபாய். வீட்டு வாடகையில் பாதி. அதை விடுங்கள். நான் தினமும் என்ன சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. சர்க்கரை விஷயத்தைச் சேரும்போதே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தீர்களா, சிறுநீரகம் எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. சர்க்கரைக்காரர்களில் பலருக்குச் சிறுநீரகம் கெட ஆரம்பித்திருப்பது அவர்களுக்கே தெரியாது. அப்படிப்பட்டவரைப் புரதத்தை அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். அவர் கையில் நீங்கள் ஷேக்கரைக் கொடுத்தால் என்ன ஆகும்?

"வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்று நழுவி வந்துவிட்டேன். ஆனால் சொன்னது மனத்தை அரித்தது. சரி, கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம் என்று ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் பழைய டைரியில் எழுதினேன்.

காலை நாலு இட்லி, சாம்பார்: 10 கிராம் புரதம். இரண்டு வேளைக் காபிக்கான பால்: 6. மதியச் சாப்பாட்டில் சோறு 12, பொரியலும் தயிரும் சேர்ந்து 5. சாம்பாரில்தான் எனக்கு அதிர்ச்சி. நாலு பேருக்கு மனைவி போடுவது 100 கிராம் துவரம்பருப்பு. அதில் இருப்பது 22 கிராம் புரதம். தலைக்கு ஐந்தரை! "பருப்புதான் தினமும் சாப்பிடுறோமே" என்று இத்தனை வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது இந்த ஐந்தரை கிராமைத்தான். ரசத்தைக் கணக்கிலேயே சேர்க்க முடியாது. சாயங்காலம் இரண்டு முறுக்கு, இரவு மூன்று தோசை, சட்னி: எல்லாம் சேர்த்து இன்னொரு 13. மொத்தம் 51, 52.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி சாதாரண ஆளுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும். எனக்கு 60. எடைப் பயிற்சி செய்கிறவருக்கு 1.2-இலிருந்து 1.6 வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால் 86-க்கு மேல். ஆக, எங்கள் மாஸ்டர் சொன்னதில் முதல் பாதி சரி. எனக்குப் புரதம் போதவில்லை. அதை அவர் கேட்டுத் தெரிந்து சொல்லவில்லை, குருட்டாம்போக்கில் சொன்னது பலித்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் குறைகிறது என்பதற்கும் டப்பாதான் வழி என்பதற்கும் நடுவே ஒரு சமையலறை இருக்கிறதே!

முறுக்கை நிறுத்திவிட்டு 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தோம்: 10 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம் இருக்கும்: 7. இரவுத் தோசை வாரத்தில் மூன்று நாள் அடையாக மாறியது. அரிசியும் பருப்பும் சரிபாதி போட்டு அரைத்தால் மூன்று அடையில் தோசையைவிட 8 கிராம் கூடுதல். இன்னும் ஒரு கிண்ணம் தயிர்: 6. அடை நாளில் 80-ஐத் தொடுகிறது. 86-க்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் 60-ஐ நன்றாகத் தாண்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மீல்மேக்கர் குழம்பு. 30 கிராம் உருண்டையில் 15 கிராம் புரதம், விலை ஐந்தாறு ரூபாய். என் பையனுக்கு அதன் வாசனையே ஆகாது, மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவான். எனக்குப் பழகிவிட்டது. சோற்றில் ஒரு கரண்டி குறைத்தேன், சர்க்கரைக்கும் அது நல்லதாகப் போயிற்று.

"செடிப் புரதம் முழுசு கிடையாது சார்" என்று அடுத்து சொல்வீர்கள். புரதம் அமினோ அமிலங்கள் என்ற துண்டுகளால் ஆனது. அவற்றில் லைசின் அரிசியில் குறைவு, மெத்தியோனின் பருப்பில் குறைவு, உண்மைதான். ஆனால் ஒன்றில் குறைவது மற்றதில் இருக்கிறது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்த பாட்டியும், பொங்கலில் பாசிப்பருப்பைச் சேர்த்தவர்களும் அமினோ அமிலம் என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார்கள். ஒரே வேளையில் இரண்டும் சேர வேண்டும் என்றுகூட இல்லை, அன்றைக்குள் சேர்ந்தால் போதும்.

பவுடரின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்கூப் வே பவுடரில் 24 கிராம் புரதம், 120 கலோரி. அதே 24 கிராமைப் பருப்பில் எடுக்க 110 கிராம் பருப்பு வேண்டும், கலோரி கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சுண்டல் எல்லா வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது, வாயுத் தொல்லை விளையாட்டுச் சமாசாரமில்லை. விடுதி மெஸ்ஸில் சாப்பிடும் பையன் அடைக்கு எங்கே போவான்? 100 கிலோ எடை தூக்கும் போட்டிக்குத் தயாராகிற சைவப் பெண்ணுக்கு ஒரு ஸ்கூப் வசதிதான். வே என்பது பால் திரியும்போது வடிகிற பச்சைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது, அதில் மாயமும் இல்லை, விஷமும் இல்லை. (கண்டிப்பான சைவர்கள் ஒன்று யோசிக்கலாம்: பாலாடைக்கட்டி செய்யப் பாலைத் திரிய வைக்கும் நொதி சில இடங்களில் கன்றின் வயிற்றிலிருந்து வருவது. டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.)

என் சந்தேகம் டப்பாவுக்குள் இருப்பது என்ன என்பதில்தான். இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது. அவற்றில் 70 சதவீதம் போல, வெளியே எழுதிய புரத அளவு ஒன்று, உள்ளே இருந்தது வேறு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வழக்கமான சோதனை புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது. நைட்ரஜன் உள்ள, விலை மலிவான கிளைசின், டாரின் போன்ற பொடிகளைக் கலந்துவிட்டால் நைட்ரஜன் ஏறும், காகிதத்தில் புரதமும் ஏறிவிடும். 2008-இல் சீனாவில் குழந்தைகளின் பால் பவுடரில் மெலமைன் என்ற பிளாஸ்டிக் தயாரிப்பு ரசாயனத்தைக் கலந்ததும் இதே ஓட்டையைப் பயன்படுத்தித்தான். எடை கூட்டும் மாஸ் கெயினர் என்று ஒல்லிப் பையன்களுக்கு ஒரு பவுடர் விற்கிறீர்களே, அதில் பெரும்பங்கு மாவுச்சத்து. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற அந்த மாவுச்சத்தைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குவதற்குப் பதில் அந்தப் பையன் இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் சாப்பிடலாம்.

இன்னொன்று. இரண்டாம் மாதம் எனக்கு ஓயாத அசதி. "புரோட்டீன் பத்தல சார், அன்னிக்கே சொன்னேன்" என்றார் மாஸ்டர். ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது பி12 வைட்டமின் குறைவு. சைவர்களுக்கு உண்மையிலேயே கவனிக்க வேண்டிய சத்து அதுதான். செடிகொடியில் அது கிடையாது, பால் தயிரில் கொஞ்சம்தான். டாக்டர் மாத்திரை கொடுத்தார், ஆறு வாரத்தில் படியேற முடிந்தது. அன்றைக்கு டப்பா வாங்கியிருந்தால் அசதிக்குப் புரதத்தைக் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

இத்தனையும் சொல்கிற என் வீட்டில் இன்று ஒரு புரதப் பவுடர் டப்பா இருக்கிறது. என் அம்மாவுக்கு. வயது 74, எடை 41 கிலோ. இடுப்பெலும்பு உடைந்து அறுவை சிகிச்சை ஆனது. பல் இல்லை, பசி இல்லை, அடையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மருத்துவமனையில் உணவு ஆலோசகர் அரைமணி நேரம் உட்கார்ந்து, எவ்வளவு சாப்பிடுகிறார், கிரியாட்டினின் எவ்வளவு, மலம் எப்படிப் போகிறது என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கஞ்சியில் ஒரு ஸ்கூப் கலக்கச் சொன்னார். மூன்று மாதம் கழித்து நிறுத்துவதா தொடர்வதா என்று பார்ப்போம் என்றும் சொன்னார். ஒரே வீடு, ஒரே சைவம். எனக்கு வேண்டாம் என்றானது அம்மாவுக்கு வேண்டியிருந்தது. நடுவில் இருந்த வித்தியாசம் அந்த அரைமணி நேரம்.

உங்களிடம் அரைமணி கேட்கவில்லை, பத்து நிமிடம் போதும். நேற்று என்னென்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவரை முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள். டப்பா விற்றால் உங்களுக்குக் கமிஷன் உண்டு என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சம்பளம் எவ்வளவு குறைவு என்று எங்களுக்கும் தெரியும், யாரும் தப்பாக நினைக்க மாட்டோம். பில் கொடுங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாத சரக்கை, முக்கியமாகப் பிளாஸ்டிக் கவரில் சில்லறையாகப் பிரித்துக் கட்டிய பவுடரை, வாங்கி வைக்காதீர்கள். "சைவம்னா வேற வழியில்ல" என்ற வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எங்கள் ஜிம்மில் ஒரு பாலிடெக்னிக் பையன் வருகிறான், சைவம்தான். போன வாரம் அவனிடமும் டப்பாவைப் பற்றிப் பேச்சு நடந்தது. மாதம் ஆயிரமாகக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இன்னும் கையில் வாங்கவில்லை. மாஸ்டர், இதை நீங்கள் படித்தால், திங்கட்கிழமை அவன் வரும்போது வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று மட்டும் முதலில் கேளுங்கள்.

இப்படிக்கு,
காலை ஐந்தரை மணி செட்டில் வரும் ஒரு சைவர்