ரோமிங் பேக்கில் நாட்டின் பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறுவோர் பலர், ரோமிங் பேக் போட்டாயிற்று, இனி எல்லாம் வேலை செய்யும் என்று நம்பிப் போகிறார்கள். இறங்கியதும் வாட்ஸ்அப் ஓடுகிறது. சாதாரண கால் மட்டும் போவதும் இல்லை, வருவதும் இல்லை. சிக்னல் முழுதாக இருக்கும்போதே இப்படி நடக்கிறது.

இந்தியாவில் 2ஜி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜியோ தவிர மற்ற நிறுவனங்களின் சிம்மில், 4ஜியிலேயே பேசும் வோல்ட்டி வசதி இல்லாத போனும், கால் வந்ததும் 2ஜிக்கு இறங்கிச் சமாளித்துவிடும். சிங்கப்பூரில் 2ஜி 2017-லேயே போய்விட்டது, 3ஜி 2024-ல் போனது. ஆஸ்திரேலியாவும் 2024-ல் 3ஜியை மூடிவிட்டது. இறங்கப் படியே இல்லாத இடத்தில் வோல்ட்டி ரோமிங் இருந்தால்தான் பேச முடியும். அதற்கு நம் நிறுவனமும் அந்நாட்டு நிறுவனமும் தனியாக ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். டேட்டா ஒப்பந்தம் மட்டும் போதாது. போன் மாடலும் அதை ஏற்க வேண்டும்.

அமெரிக்கா போவோருக்கு இன்னொரு சிக்கல். அங்கே ஊருக்கு வெளியேயும் கட்டடங்களுக்கு உள்ளேயும் எட்டுவது 12, 13, 71 எண் கொண்ட தாழ் அலைவரிசைகள். இங்கு விற்கும் பல மாடல்களில் இவற்றில் சில இருக்காது. நகரத்தில் நன்றாக இருந்த சிக்னல் நெடுஞ்சாலையில் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்டியில் அல்லது தயாரிப்பாளர் தளத்தில் பேண்டு (அலைவரிசை) பட்டியலைப் பாருங்கள்.

வெளிநாட்டில் ஒரு சாதகமும் உண்டு. உள்ளூரில் பெரும்பாலும் நம் நிறுவனத்தின் டவர்தான் கதி; ரோமிங்கில் இரண்டு மூன்று நிறுவனங்கள் கிடைக்கலாம். நெட்வொர்க் தேர்வில் 'ஆட்டோமேட்டிக்'கை அணைத்து ஓரிரு நிமிடம் காத்திருந்தால் பட்டியல் வரும். வேறொன்றைத் தேர்ந்து பாருங்கள். தனுஷ்கோடியில் நிலைமை தலைகீழ்: நாட்டைவிட்டு நகராமலே போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளக்கூடும். அங்கே நம் நிறுவனத்தைக் கையால் தேர்ந்து, டேட்டா ரோமிங்கை அணைத்து வைப்பதே நல்லது.

ரோமிங் டேட்டா பெரும்பாலும் இந்தியா வரை வந்து திரும்புவதால் வீடியோ அழைப்பு தாமதிக்கும். டேட்டாவுக்கு அந்நாட்டு இ-சிம் (போனுக்குள்ளேயே பதியும் சிம்) நல்லது. ஆனால் ஓ.டி.பி. வர வேண்டுமானால் இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள்; அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்தால் போதும். புறப்படும் முன்பே ரோமிங்கை ஆக்டிவேட் செய்யாவிட்டால் சிம் அங்கே பதிவாகாமல் போகலாம், ஓ.டி.பி.யும் வராது.

உள்நாட்டு கவரேஜ் வரைபடத்தை நிறுவனங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் விதி செய்தது. அதே கட்டாயம் ரோமிங்குக்கும் வேண்டும். எந்த நாட்டில் எந்த நிறுவனம், 4ஜியா 5ஜியா, வோல்ட்டி உண்டா, எந்த மாடல்களில் வேலை செய்யும் என்ற விவரங்கள் பேக்கின் விலைக்குப் பக்கத்திலேயே, பணம் கட்டும் முன் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தொலைத்தொடர்புப் பொறியாளர், திருச்சி