‘ஓன்ஸே’ என்றால் பதினொன்று

அன்புள்ள சிவா,

மருமகள் ஹூஸ்டனில் மருந்துக்கடை வேலைக்குச் சேரப்போகிறாள் என்ற சேதி கேட்டு ரொம்ப சந்தோஷம். ஸ்பானிஷ் எவ்வளவு தெரிந்தால் போதும் என்று கேட்டிருக்கிறாய். அமெரிக்காவில் 4 கோடிப் பேருக்கு மேல் வீட்டில் பேசுவது அதுதான். இலக்கணம் மெதுவாக வரட்டும். முதலில் அளவுச் சொற்கள் வாயில் நிற்கணும்.

‘ஒரு தடவை’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஒன்ஸ்’ என்று எழுதுகிறார்களே, அதே நாலெழுத்தை ஸ்பானிஷ்காரர் ‘ஓன்ஸே’ என்று படிப்பார். ஓன்ஸே என்றால் பதினொன்று! கணினி பாதி மொழிபெயர்த்த லேபிள்தான் இதில் ஆபத்து. சுற்றிலும் ஸ்பானிஷ் இருக்க, நடுவில் நிற்பது ஆங்கிலச் சொல் என்று யாருக்குத் தோன்றும்? நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக் கடைகளின் ஸ்பானிஷ் லேபிள்களைப் பற்றி 2010இல் வந்த ஆய்வு, பாதியில் பிழை கண்டது. ‘வாய்’ என்பதற்கான சொல் முதலெழுத்து மாறி ‘கொஞ்சம்’ ஆகிவிட்டதும் அதில் உண்டு. நம் எழுத்தில் இரண்டுமே ‘போக்கா’தான், போ! அதனால் ‘ஊனா வெஸ் அல் டியா’ (நாளைக்கு ஒரு தடவை) என்று வாயால் சொல்லி, லேபிளில் 1 என்று எண்ணால் எழுதிக் கொடுக்கட்டும்.

அடுத்தது சிரப். ‘குச்சராடீட்டா’ என்ற சின்னக் கரண்டி 5 மி.லி., ‘குச்சராடா’ என்ற பெரிய கரண்டி 15 மி.லி. ஓர் அசை விழுந்தால் குழந்தைக்கு மூன்று மடங்கு மருந்து. கரண்டிப் பேச்சே வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சில் பேனாவால் கோடு போட்டுக் கொடுப்பதே மேல். “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்கு ‘சீ’ (ஆமாம்) என்பார்கள். “எவ்வளவு எடுப்பீர்கள், காட்டுங்கள்” என்று கேட்கணும்.

கூட வரும் பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. கூட்டரசு விதியே அவசரம் தவிர மற்ற நேரத்தில் அதைத் தடுக்கிறது. அம்மாவின் கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பத்து வயதுப் பையன் என்னத்தைக் கேட்பான்? தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைத்தான் கூப்பிடணும்.

பெரியவர்களிடம் ‘தூ’ வேண்டாம், ‘உஸ்தேத்’. நீ, நீங்கள் பார்த்துப் பேசி வளர்ந்தவளுக்கு இது சுலபம்.

இன்னொன்று: அப்பா வழி, அம்மா வழி என்று பலருக்கு இரண்டு குடும்பப் பெயர். மருத்துவமனை ஒன்றைப் பதிந்திருக்கும், கடை இன்னொன்றைத் தேடும். சீட்டு வரவே இல்லை என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு பெயரிலும் தேடிப் பார்க்கச் சொல். பிறந்த தேதியைக் கேட்கும்போது மாதத்தைப் பெயராகவே சொல்லச் சொல்லணும், அவர்கள் வழக்கத்தில் நாள்தான் முதலில் வரும்.

அவள் எப்போது கிளம்புகிறாள்?

அன்புடன்,
ராஜன்