கோடை இடிமழையில் மூழ்கிய உளுந்து, பருத்திக்கு நிவாரணமும் வடிகால் சீரமைப்பும் கோரும் மனு

அனுப்புநர்: கிராம விவசாயிகள், திருவாரூர் மாவட்டம்.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவாரூர் மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பங்குனிக் கடைசியில் இடியும் சூறைக்காற்றுமாகப் பிடித்த மழை நள்ளிரவுக்குள் ஓய்ந்துவிட்டது. ஐப்பசி அடைமழையைப் பார்த்த எங்களுக்கு இது ஒரு மழையே அல்ல. ஆனால் விடிந்தபோது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்; வயலில் வரப்பு தெரியவில்லை. வானம் வெளுத்த பிறகும் அந்தத் தண்ணீர் வடியாமல் நின்றதே எங்களைக் கெடுத்தது.

காரணம் ஊரறிந்தது. வடிகால் முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கின்றன. சாலையை உயர்த்தியபோது பழைய மதகை எடுத்துவிட்டு ஒற்றைக் குழாயைப் பதித்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்த் தண்ணீரெல்லாம் அதில்தான் நுழைய வேண்டும். தூர்வாரும் பணியோ ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பைக் கணக்கிட்டே நடக்கிறது. ஆகவே கோடை மழை இறங்கும் பங்குனி, சித்திரையில்தான் வடிகால் மிகவும் தூர்ந்திருக்கிறது.

தாளடி நெல் அறுப்புக்கு முன் தெளித்த உளுந்து பறிக்கும் பக்குவத்தில் இருந்தது. சாலையில் நின்று பார்த்தால் செடி நன்றாகத்தான் தெரியும். நெற்றைப் பிரித்தால் உள்ளே பருப்பு ஊதி, வெள்ளை முளை விட்டிருக்கிறது. பருத்தி பூவும் சப்பையும் (மொட்டும்) கொட்டி, வேரில் தண்ணீர் நிற்கும்போதே இலை துவண்டுவிட்டது. இரண்டு மா, மூன்று மா என்று ஓர் ஏக்கர் வரை நிலம் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த குறுவை நெல்லுக்கான கைமுதல் இந்த உளுந்துக் காசுதான்.

சேதம் 33 விழுக்காட்டை எட்டினால்தான் நிவாரணம் என்பது விதி. எனவே வருவாய், வேளாண் துறையினர் வயலில் இறங்கி, நெற்றை உரித்துப் பார்த்துக் கணக்கெடுக்க உத்தரவிட வேண்டுகிறோம். தாமதமானால் செடி மக்கிவிடும். காட்டுவதற்கு எதுவும் இருக்காது. எங்களில் பலர் கோயில் நிலக் குத்தகைதாரர்கள். பட்டாவைக் கேட்டால் எங்கே போவது? அடங்கலில் (கிராமச் சாகுபடிக் கணக்கில்) உள்ள சாகுபடியாளருக்கே தொகை சேர வேண்டும்.

குழாயை அகற்றி, பழைய அகலத்துக்கு மதகு கட்டித் தர வேண்டும். வடிகாலை இனி மாசிக்குள் தூர்வார வேண்டும். பாசன வாய்க்காலோடு சேர்த்துக் கடைசியில் பார்க்கலாம் என்று விடக் கூடாது. ஆய்வுக்கு வரும் நாளை முந்தின நாளே கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தெரிவித்தால், அவரவர் வயலில் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கிராம விவசாயிகள்