நிதி முடிந்தால் குடும்பத்தின் கோவையையும் மூடிவிடலாமா?

ஆசிரியருக்கு,

சிறுவர் பாதுகாப்புப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் முறைப்பாட்டோடு நின்றுவிடுகின்றன. சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழைப்பு வந்தது, அதிகாரிகள் போனார்கள், பிள்ளை மீட்கப்பட்டது. அதற்குப் பிறகு மாதக்கணக்காக அந்த வீட்டுக்குப் போய்வந்த உத்தியோகத்தர் ஒருநாள் அந்தக் குடும்பத்தின் கோவையை, அதாவது பதிவுக் கோப்பை, மூடுவார். எதை வைத்து மூடினார் என்று எவரும் கேட்பதில்லை. திட்ட நிதி முடிந்தது, உத்தியோகத்தருக்கு இடமாற்றம் வந்தது, புதிதாக முறைப்பாடு இல்லை: இவை அலுவலகத்தின் காரணங்கள். அந்தக் குடும்பம் தன் காலில் நிற்கிறதா என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது.

இதை அளக்க ஏற்கெனவே கருவிகள் உண்டு. அமெரிக்காவில் உருவான வட கரோலினா குடும்ப மதிப்பீட்டு அளவுகோல் அவற்றில் ஒன்று. வாழிடச் சூழல், பெற்றோரின் திறன், குடும்பத்தினரிடையே உறவாடல், பாதுகாப்பு, பிள்ளையின் நலன் ஆகிய ஐந்து துறைகளில் சேவை தொடங்கும்போது ஒருமுறையும் முடியும்போது ஒருமுறையும் புள்ளி இடுவார்கள். புள்ளி +2 முதல் -3 வரை. 0 என்றால் 'போதுமானது'. அரசு தலையிட அங்கே காரணமில்லை. பலர் 0ஐத் தோல்வி மதிப்பெண் என்று எண்ணி +1 போட்டுவிடுகிறார்கள். ஏழைக் குடும்பம் வசதியான குடும்பமாக மாற வேண்டும் என்று எந்தக் கோவையும் கோரவில்லை. பிள்ளைக்கு ஆபத்தில்லாத, போதுமான வீடு என்றால் போதும்.

இது குடும்பத்தாரிடம் நீட்டி நிரப்பச் சொல்லும் வினாக்கொத்து அல்ல. பார்த்ததையும் கேட்டதையும் வைத்து உத்தியோகத்தர் இடும் புள்ளி. ஆகவே பிழைகளும் அவர் பக்கமே வரும். மிகப் பொதுவான பிழை, தொடக்கப் புள்ளியை முதல் வாரங்களில் இடாமல், மூடும் நாளில் ஞாபகத்திலிருந்து எழுதுவது. அப்போது பழைய நிலை உள்ளதைவிட மோசமாகத் தெரியும், முன்னேற்றம் தானாகவே பெருகும். இரண்டாவது, சராசரி எடுப்பது. நான்கு துறைகளில் +1 வந்து பாதுகாப்பில் -2 இருந்தால் சராசரி நன்றாகத்தான் இருக்கும், பிள்ளை அடிவாங்கிக்கொண்டிருக்கும். பாதுகாப்பு 0க்குக் கீழே நிற்கும்வரை மற்றத் துறைகளின் புள்ளியைக் காட்டிக் கோவையை மூடக்கூடாது. பார்க்காத விடயத்துக்கு 0 போடுவதும் வழக்கமாகிவிட்டது. தெரியாது என்றால் தெரியாது என்றே எழுத வேண்டும்.

கடைசி விஜயத்தில் உலர் உணவுப் பொதியைக் கையில் கொடுத்துவிட்டு "இப்ப எல்லாம் சரிதானே?" என்று கேட்டால் யார் சரியில்லை என்பார்? ஆதாரத்தை வேறெங்காவது தேட வேண்டும். பாடசாலை வரவுப் பதிவேட்டில் ஒரு முழுத் தவணையைப் பாருங்கள். மாத மொத்தம் போதாது, வராத நாட்கள் எந்தக் கிழமைகளில் விழுகின்றன என்றும் பாருங்கள். திங்கட்கிழமைகளே திரும்பத் திரும்ப விடுபட்டால் வார இறுதியில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரிக்க வேண்டும். சின்னப் பிள்ளை என்றால் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டின் நிறைக் கோட்டைக் குடும்ப நல உத்தியோகத்தரோடு சேர்ந்து பாருங்கள். தகப்பன் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை செய்பவராக இருந்தால், வேலையில்லாத வாரத்தில் ஒருமுறை போங்கள். கையில் காசு இருக்கும் நாளில் எந்த வீடும் அமைதிதான்.

அதனால்தான் விஜயங்களை ஒரேயடியாக நிறுத்தாமல், வாரம் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று குறைத்துக்கொண்டு போகச் சொல்கிறோம். உதவி குறையும்போது புள்ளி இறங்குகிறதா என்பதே உண்மையான சோதனை. சித்திரைப் புத்தாண்டுச் செலவு முடிந்த கையோடும், கொப்பி, சப்பாத்து வாங்கும் மாதத்திலும் மூடுவதைத் தவிர்ப்பது நல்லது.

கொழும்பு வடக்கில் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, முகத்துவாரம் போன்ற பகுதிகளுக்கே உரிய சிக்கல் மொழி. குடும்பம் தமிழ் பேசும், கோவை சிங்களத்தில் இருக்கும், இடையில் மொழிபெயர்ப்பது பல வேளைகளில் மூத்த பிள்ளை. எந்தப் பிள்ளையின் பாதுகாப்பை அளக்கிறோமோ அதே பிள்ளை தாய் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது. அந்தப் புள்ளிக்கு மதிப்பே இல்லை. முடிவு மதிப்பீட்டுக்காவது தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரைப் பிரதேச செயலகம் அனுப்பவேண்டும். பிள்ளையிடம் தனியாகப் பேசுவதும் அந்த விஜயத்திலேயே நடக்கவேண்டும்.

நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்திடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மூடும் படிவத்தில் தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் அருகருகே எழுத இடம் வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே ஆதாரத்தை ஒரு வரியில் எழுதச் செய்யுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்க்கப்போகும் உத்தியோகத்தரின் பெயரும் திகதியும் அதே தாளில் இருக்கட்டும். அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால் மேலதிகாரி கையொப்பமிடக்கூடாது.

இப்படிக்கு,
குடும்ப நலப் பணியாளர்கள் சிலர்,
கொழும்பு 13.